பாய் மட்டும் போதுமா? வீடற்றோர் காப்பகம் வாய்ப்பின் வாசலாக மாறட்டும்
(உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையைக் கைப்பேசியில் வாசித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் முதலில் ஒரு சின்னக் கேள்வி. கடைசியாக எப்போது கைப்பேசியில் ஒரு விண்ணப்பம் போட்டீர்கள்? சாதிச் சான்றிதழாக இருக்கலாம், கேஸ் இணைப்பாக இருக்கலாம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பமாக இருக்கலாம். எதுவானாலும் மேலே மூன்று கட்டங்கள் வந்திருக்கும்: பெயர், முகவரி, கைப்பேசி எண். அரை நிமிடத்தில் நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பீர்கள்.

இப்போது புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு என்னோடு வாங்க. சாயங்காலம் 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் அந்தச் சாலை நடப்பவர்களுக்குத்தான். காந்தி சிலையில் ஆரம்பித்துத் தெற்கே நடந்து, மேற்கே திரும்பி, சுப்பையா சாலையில் ரயில் நிலையம் வரைக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வாசற்படியில், கடை ஓரத்தில், சாக்கை விரித்துப் போட்டு, பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பவர்களைப் பார்ப்பீர்கள். அவர்களிடம் அந்த மூன்று கட்டங்களை நீட்டினால் பெயரை மட்டும்தான் சொல்ல முடியும். மற்ற இரண்டும் காலி.

நாம் பெருமையாகச் சொல்லும் அத்தனை மின்சேவைகளும் அந்த இரண்டு காலிக் கட்டங்களோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கட்டங்களை நிரப்பிக் கொடுக்கும் இடமாக வீடற்றோர் காப்பகம் மாற வேண்டும், படுக்க இடம் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

வீடில்லை, அதனால் வேலையில்லை

ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர். கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து காலில் அடி. ஆறு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வாடகை நின்றது, வீட்டுக்குள் சண்டை வந்தது, ஒருநாள் கிளம்பி வந்துவிட்டார். ரயில் நிலையத்துப் பக்கம் படுத்தார். முதல் வாரமே பை போச்சு. பையோடு ஆதார் அட்டையும் போனும் போச்சு.

கால் சரியான பிறகு வேலைக்குப் போகலாம் இல்லீங்களா? போக முடியவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி போன் போட்டால்தான் வேலை. இவரிடம் போன் இல்லை. புது சிம் வாங்க ஆதார் போல ஓர் அடையாளச் சான்று வேண்டும். ஆதாரைத் திரும்ப எடுக்கப் போனால் அதில் பதிந்திருக்கும் பழைய எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த எண்தான் தொலைந்துவிட்டதே. குளிக்காமல், துவைக்காத சட்டையோடு நின்றால் புது மேஸ்திரி யாரும் கூப்பிட மாட்டார். வேலை இல்லாததால் வாடகைக்குப் பணம் சேராது. வாடகைக்கு இடம் கிடைக்காததால் வேலை கிடைக்காது. மாட்டைச் செக்கில் கட்டின மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இவரை ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே, காலை ஆறு மணிக்கு வெளியே. ஒரு பாய், ஒரு போர்வை, முடிந்தால் ஒரு வேளைச் சாப்பாடு. மழைக்கும் கொசுவுக்கும் நிச்சயம் உதவி. ஆனால் காலை ஆறு மணிக்கு வெளியே வரும்போது அவர் நேற்று ராத்திரி உள்ளே போன அதே மனிதர்தான். அந்தச் சுற்று அறுபடவில்லை. பத்து வருஷம் அப்படியே வந்து போனாலும் பதிவேட்டில் பத்து வருஷக் கையெழுத்து சேருமே தவிர, அவர் வாழ்க்கையில் ஒன்றும் சேராது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 ராத்திரி ஒரே இரவில், நாடு முழுவதும் வீடில்லாதவர்களை எண்ணினார்கள். 17.7 லட்சம் பேர். அதில் 9.38 லட்சம் பேர் நகரங்களில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அண்ணனைப் போல ஒரு கதை உண்டு. ஒருவருக்கு உடம்பு, ஒருவருக்கு மனசு, ஒருவருக்குக் குடி, ஒருவருக்குப் பிள்ளைகள் கைவிட்டது.

திண்ணையும் சத்திரமும் தெரிந்த ஊர்

இடம் கொடுப்பது நமக்குப் புதுசு இல்லை. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வைசியாள் வீதி மாதிரியான தெருக்களில் வீட்டு முன்னால் தாழ்வாரம் இறங்கியிருக்கும், அதற்கு உள்ளே திண்ணை. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கவும் ராத்திரி தலை சாய்க்கவும் வீட்டுக்காரர் விட்டுவைத்த இடம் அது. யார் எவர் என்று கேட்க மாட்டார்கள்.

சத்திரம் அதற்கு அடுத்த படி. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டதோடு விட்டுவிடவில்லை. அங்கே பள்ளிக்கூடம் நடந்தது. நோயாளிக்கு வைத்தியம் பார்த்தார்கள். பிரசவத்துக்கு நிற்கும் பெண்ணுக்கும் கவனிப்பு இருந்தது. அதாவது, வந்தவர் வந்ததைவிட நல்ல நிலையில் திரும்பிப் போக வேண்டும் என்ற எண்ணம் 200 வருஷம் முன்னாலேயே நம் மண்ணில் இருந்திருக்கிறது. நடுவில் நாம்தான் அதைப் பாயாகவும் போர்வையாகவும் சுருக்கிவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவு உரிமைக்காக 2001-ல் தொடங்கிய பொதுநல வழக்கில், 2010-ஆம் ஆண்டு தொடக்கத்தில், டெல்லிக் குளிரில் வீடற்றவர்கள் இறந்துபோவது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தது. அதன் பிறகு மற்ற மாநிலங்களின் பெருநகரங்களுக்கும் உத்தரவு போனது. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகமாவது வேண்டும். குளிர்காலத்துக்கு மட்டும் இல்லாமல் வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும்.

2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் காப்பகம் ஒரு தனிப் பிரிவாகவே சேர்ந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்க இடம், ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, குடிநீர், கழிப்பறை, குளியலறை, சமைக்க வசதி, உடைமைகளைப் பூட்டி வைக்கப் பெட்டி என்று அதன் வழிகாட்டி நெறிகள் சொல்லின. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவை சொல்லின. அடையாளச் சான்று, முகவரி, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு, ரேஷன், ஓய்வூதியம் எல்லாம் ஒன்றுசேரும் இடமாகக் காப்பகம் இருக்க வேண்டும் என்றன. வாழ்வாதார இயக்கத்துக்குள் காப்பகத்தை வைத்ததற்குக் காரணமே அதுதான்.

தாளில் எழுத்து இருக்கிறது. அதைக் கட்டிடத்துக்குள் கொண்டுவருவதுதான் பாக்கி.

நம்ம ஊருக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சு வார்த்தை

புஸ்ஸி வீதிப் பக்கம் போகிறவர்களுக்கு ‘ஃபுவாயே து சோல்தா’ தெரிந்திருக்கும். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற நம்மூர்க்காரர்களின் இல்லம். ‘ஃபுவாயே’ என்றால் பிரெஞ்சில் அடுப்பு, குளிருக்கு எல்லாரும் சுற்றி உட்காரும் கணப்பு. அதிலிருந்து வீடு என்றும் பொருள் வந்தது. நாம் ‘அடுப்பு எரியுதா?’ என்று கேட்டால் ‘குடும்பம் நடக்கிறதா?’ என்று அர்த்தம் இல்லையா, அது மாதிரிதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் கிராமங்களிலிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்த இளைஞர்களுக்காக ‘இளம் தொழிலாளர் ஃபுவாயே’ என்ற விடுதிகள் பரவின. தங்க அறை, சாப்பாடு, கூடவே வேலைக்கும் படிப்புக்கும் வழிகாட்டுதல். 1992-ல் பிரிட்டன் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு, வீடில்லாத இளைஞர்களுக்காக நடத்த ஆரம்பித்தது. ‘வீடில்லை, அதனால் வேலையில்லை; வேலையில்லை, அதனால் வீடில்லை’ என்ற சுற்றை எந்த இடத்தில் வெட்டுவது என்பதுதான் அவர்கள் கேள்வி. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டார்கள்.

அந்த முறையில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். முதலாவது, அது இரண்டு பக்க ஒப்பந்தம். ‘நாங்கள் அறையும் ஆதரவும் தருகிறோம், நீங்கள் படிப்புக்கோ வேலைக்கோ ஒரு திட்டம் வைத்து நடக்க வேண்டும்’ என்பார்கள். தர்மம் வாங்குகிறவர், கொடுக்கிறவர் என்ற ஏற்றத்தாழ்வு அதில் குறைகிறது. இரண்டாவது, கேட்கிற கேள்வி மாறுகிறது. வழக்கமாகக் காப்பகத்தில் முதலில் என்ன கேட்போம்? ‘ஏன் வீட்டை விட்டு வந்தே? குடிப்பியா? என்ன வியாதி?’ எல்லாம் இல்லாததைப் பற்றின கேள்விகள். அங்கே ‘உங்களுக்கு என்ன தெரியும்? எதில் கெட்டிக்காரர்? இங்கிருந்து எங்கே போகணும்னு ஆசை?’ என்று ஆரம்பிக்கிறார்கள்.

அண்ணனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ‘எனக்கு சுண்ணாம்புப் பூச்சு தெரியுங்க, பழைய வீட்டு வேலை பார்த்திருக்கேன்’ என்பார். பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்க ஆள் தேடும் ஊர் இது! ‘ஏன் வந்தே?’ என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பதில் வெளியே வந்திருக்காது.

பெரிய ஹால் அறைகளாக மாறிய கதை

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில், அல்ப்பிகாது தெருவில், சால்வேஷன் ஆர்மி நடத்திவந்த பெரிய விடுதி ஒன்று இருந்தது. 250 படுக்கை. நம்ம ஊர் இரவுத் தங்குமிடம் போலத்தான், ராத்திரி படுக்கை, காலையில் வெளியே. 2012-ல் அதை அப்படியே மாற்றினார்கள். 250 படுக்கைகள் போய், சுமார் 80 சின்னச் சின்ன வீடுகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கதவு, ஒரு சாவி, வாடகை ஒப்பந்தம். அதே கட்டிடத்தில் உதவிக்கு ஊழியர்களும் இருக்கிறார்கள். 2008-ல் அந்த நகரத்தில் 558 அவசரப் படுக்கைகள் இருந்தன. 2016-ல் 52 போதுமானதாக இருந்தது. வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அதனால் படுக்கைக்குத் தேவை குறைந்தது.

‘அது பணக்கார நாடு, குளிர் நாடு, நமக்கு ஆகுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆளுக்கொரு வீடு என்று நாளைக்கே நம்மால் கட்ட முடியாது. ஆனால் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டிடத்தை விட அதன் பின்னால் இருக்கும் வரிசை. ‘முதலில் குடியை விடு, முதலில் வேலை தேடு, அப்புறம் இடம்’ என்பது பழைய வரிசை. ‘முதலில் நிலையான இடம், அந்த இடத்தில் நின்றுகொண்டு மற்றதைப் பார்ப்போம்’ என்பது புது வரிசை. ‘குடித்திருந்தால் உள்ளே விடாதே’ என்று கதவைச் சாத்தினால், அதிகமாக உதவி தேவைப்படுகிறவர்தான் முதலில் வெளியே நிற்பார். மற்றவர்கள் தூக்கம் கெடாமல் இருக்கத் தனி இடம் ஒதுக்கி, மறுநாள் காலையில் போதை மறுவாழ்வு உதவி எண் 14446-ஐ அவரோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை.

பக்கத்தில் சென்னையில்

அவ்வளவு தூரம் போக வேண்டாம், சென்னைக்கே வருவோம். 1990-களின் தொடக்கத்தில் இரண்டு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும், மனநலம் குன்றிய நிலையில் தெருவில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். எங்காவது சேர்க்கலாம் என்று அலைந்தார்கள். இடம் கிடைக்கவில்லை. அந்த அலைச்சலில் 1993-ல் பிறந்ததுதான் ‘தி பான்யன்’. ஆலமரம் என்று பொருள்.

முதலில் அவர்களும் ஒரு காப்பகத்தைத்தான் நடத்தினார்கள். சிகிச்சை தந்து, குணமானவர்களை ஊர் கண்டுபிடித்து வீட்டில் சேர்த்தார்கள். ஆனால் சிலருக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. வருஷக்கணக்கில் காப்பகத்திலேயே இருந்தார்கள். ‘குணமான பிறகும் இவர்கள் ஏன் வார்டிலேயே கிடக்கணும்?’ என்ற கேள்வி வந்தது. 2015-ல் ‘ஹோம் அகெய்ன்’ தொடங்கினார்கள். சாதாரணத் தெருவில், கிராமத்தில், ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. நாலைந்து பேர் ஒன்றாகக் குடியிருப்பது. அவர்களே சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், முடிந்த வேலை பார்ப்பார்கள். அதே ஊர்ப் பெண்கள் துணைக்கு வருவார்கள், அவர்களுக்கும் அது ஒரு வருமானம்.

இதில் பெரிய மருந்தோ இயந்திரமோ இல்லை. அடுப்பு தங்களுடையது, கதவு தங்களுடையது. நாளைக்குச் சாம்பார் வைப்பதா ரசம் வைப்பதா என்று தாங்களே முடிவெடுப்பது. நமக்கு இது சாதாரணம். பத்து வருஷம் வரிசையில் தட்டேந்தி நின்றவருக்கு அது எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

காப்பகத்தில் என்னென்ன மாறணும்?

ஒரு சாதாரண காப்பகம் நாளைக்கே மாற ஆரம்பிக்கலாம். அதற்குப் புதுக் கட்டிடம் தேவையில்லை. அண்ணனின் வழியிலேயே போவோம்.

முதல் நாள், பூட்டுப் பெட்டி. பை பத்திரம் என்று தெரிந்தால்தான் மனிதன் நிம்மதியாகத் தூங்குவான். காலையில் பையைச் சுமந்துகொண்டு வேலை கேட்கப் போக வேண்டியதில்லை. போன் சார்ஜ் போட இடமும், குளித்துத் துவைக்க வசதியும் இதோடு சேர்ந்தது.

முதல் வாரம், முகவரி. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கொடுத்தால் அதை ஆதாருக்கு முகவரி ஆதாரமாகக் காட்டலாம். ஏற்கெனவே ஆதார் எடுத்தவர் அட்டையைத் தொலைத்திருந்தால், பதிவு மையத்துக்கு நேரில் போய்ப் புதுக் கைப்பேசி எண்ணைச் சேர்க்கலாம். சிமெண்டில் கைரேகை தேய்ந்துபோன கொத்தனாருக்குக் கருவிழிப் பதிவு இருக்கிறது. இதெல்லாம் அண்ணனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, கூட ஒரு ஆள் போக வேண்டும்.

முதல் மாதம், வங்கிக் கணக்கு. புதுச்சேரியில் 2015 முதல் சில வருஷங்கள் ரேஷன் அரிசிக்குப் பதிலாகப் பணம் வங்கியில் வந்தது நினைவிருக்கும். கணக்கு இல்லாதவருக்கு அரிசியும் இல்லை, பணமும் இல்லை என்ற நிலை. ஆவணம் எதுவும் கையில் இல்லாதவரும் வங்கி அதிகாரி முன்னிலையில் புகைப்படமும் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ கொடுத்து ‘சிறு கணக்கு’ தொடங்கலாம். அதில் 50,000 ரூபாய் வரை இருப்பு வைக்கலாம். முதல் 12 மாதத்துக்குள் ஆவணம் தேட அவகாசம் கிடைக்கும்.

அடுத்து, வாக்குரிமை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். வீடில்லாதவரும் படிவம் 6 கொடுத்து வாக்காளராகலாம். முகவரிச் சான்று கட்டாயம் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர், அவர் சொல்லும் இடத்துக்கு ராத்திரியில் நேரில் வந்து, அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்ப்பார். ஒரு தடவைக்கு மேலும் வந்து பார்ப்பார். உறுதியானால் பெயர் சேரும். ‘நீ இந்த ஊர்க்காரன்’ என்று ஒரு நாடு ஒரு மனிதனிடம் சொல்கிற முறைகளில் இதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை.

ஆதாரும் கணக்கும் கைப்பேசியும் வந்துவிட்டால் கதவுகள் வரிசையாகத் திறக்கும். 59 வயது வரைக்கும் உள்ள அமைப்புசாராத் தொழிலாளி இ-ஷ்ரம் பதிவு செய்யலாம். 70 வயது தாண்டியவருக்கு, வருமானம் பார்க்காமல், 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கான ஆயுஷ்மான் அட்டை 2024 அக்டோபர் இறுதியிலிருந்து உண்டு. மூத்தோர், விதவைகள், மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, வெளியேறும் திட்டம். சேர்ந்த நாளிலேயே இதைப் பேச ஆரம்பிக்க வேண்டும். மாதம் எவ்வளவு சேமிப்பது, எந்த வேலை, எந்தத் தெருவில் வாடகை, ஊருக்குத் திரும்ப ஆசையா, மகளிடம் பேச வேண்டுமா? எல்லாரும் வெளியேற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்வோம். எண்பது வயதுப் பாட்டியிடம் ‘வேலைக்குப் போங்க’ என்று சொல்ல முடியாது. அவருக்கு வாய்ப்பு என்றால் மரியாதையான முதுமை. மனநோயோடு போராடுபவருக்கு வாய்ப்பு என்றால் தவறாமல் மருந்தும், பேச ஒரு ஆளும். ஆளுக்கு ஒரு திட்டம் வேண்டும்.

இதையெல்லாம் செய்யப்போவது யார்? காப்பகப் பராமரிப்பாளர்தான். கதவைத் திறந்து, விளக்கை அணைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிற வேலையாக அதை வைத்திருந்தால் இந்த மாற்றம் நடக்காது. அவருக்குப் பயிற்சி வேண்டும், நல்ல சம்பளம் வேண்டும், ‘இந்த வருஷம் ஏழு பேர் வாடகை வீட்டுக்குப் போனாங்க’ என்று சொல்லிப் பெருமைப்பட வாய்ப்பு வேண்டும். வருஷக் கடைசியில் ‘எத்தனை பேர் படுத்தாங்க?’ என்று மட்டும் கணக்குக் கேட்டால் படுக்கைதான் கூடும். ‘எத்தனை பேர் கையில் சொந்தச் சாவி வந்தது?’ என்றும் கேட்கணும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இனி உங்கள் கையில் இருக்கும் கைப்பேசிக்கு வருவோம்.

முதலில், செய்யக் கூடாத ஒன்று. தூங்குகிறவரைப் படம் எடுத்து நிலைத்தகவலில் போடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் பாயில் தூங்கும்போது அக்கம்பக்கத்தார் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? டெல்லியில் ‘ரெய்ன் பசேரா’ என்ற செயலி மூலம் வீடற்றவர் இருக்கும் இடத்தை மீட்புக் குழுவுக்கே நேரடியாகத் தெரிவிக்க வழி செய்தார்கள். உதவுகிறவருக்கு மட்டும் தகவல் போக வேண்டும், ஊருக்கே போகக் கூடாது.

இந்த எண்களைச் சேமித்து வையுங்கள். அவசரம் என்றால் 112, ஆம்புலன்ஸ் 108, ஆதரவற்ற முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416. மனநலம் பாதித்து அலைகிறவரைப் பார்த்தால் காவல்துறையிடம் சொல்லலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவது அவர்கள் கடமை. காவல் நிலைய அறையில் அடைத்து வைக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை அவரிடமே கேளுங்கள். ‘அண்ணே, சாப்பிட்டீங்களா? எங்காவது தங்க வைக்கட்டுமா?’ வேண்டாம் என்றால் அவருக்கு ஒரு காரணம் இருக்கும். பை திருடு போகும் என்ற பயமா, மனைவியையும் அவரையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவார்கள் என்ற பயமா, கேட்டால்தான் தெரியும். இழுத்து வண்டியில் ஏற்றினால் மறுநாளே திரும்பி வந்துவிடுவார்.

உங்களுக்கு அரை மணி நேரம் இருந்தால், பக்கத்துக் காப்பகத்துக்குப் போய் ஒருவருக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள். அரை நிமிடத்தில் மூன்று கட்டங்களை நிரப்பும் உங்கள் விரல், இன்னொருவருக்கும் அதைச் செய்யலாம். ஆனால் அவருடைய விண்ணப்பத்தில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அவருக்கென்று ஒரு எண் வாங்கிக் கொடுங்கள், ஓடிபி அவர் கையில் வரட்டும்.

கடைசி வேண்டுகோள், இதுதான் கொஞ்சம் கஷ்டமானது. கடை வைத்திருக்கிறீர்கள், ஓட்டல் நடத்துகிறீர்கள், கட்டிட வேலை எடுக்கிறீர்கள் என்றால் காப்பகத்து முகவரியோடு வருகிறவருக்கு ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன அறை காலியாக இருக்கிறதா? ஆறு மாத அட்வான்ஸ் கேட்டால் அவரால் கொடுக்கவே முடியாது. காப்பகப் பொறுப்பாளர் உத்தரவாதம் தந்தால், ஒரு மாத வாடகையோடு விடலாமா என்று யோசியுங்கள். அரசு எத்தனை திட்டம் போட்டாலும், காப்பகம் எவ்வளவு நன்றாக மாறினாலும், கடைசிக் கதவைத் திறக்க வேண்டியவர் இந்த ஊரில் வீடும் கடையும் வைத்திருக்கும் நீங்களும் நானும்தான்.

அண்ணனைக் காப்பகம் சரியாகப் பிடித்துக்கொண்டால் எப்படி முடியும்? விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் போன் அடிக்கும். ‘வைசியாள் வீதியில ஒரு பழைய வீடு, சுண்ணாம்பு வேலை, வர்றியா?’ என்பார் மேஸ்திரி. அண்ணன் எழுந்து, கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவார். அந்தப் பழைய வீட்டின் திண்ணையை அவர் பூசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் நடந்து போகலாம். யார் எவர் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.